நீடித்த வளர்ச்சி: 1987-க்கு முன்னால் என்ன இருந்தது?

கயல்:
வணக்கம். எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீடித்த வளர்ச்சி என்றாலே எங்கள் வகுப்பில் 1987-இல் ஐ.நா. ஆணையம் ஒன்று வெளியிட்ட புருண்ட்லாண்ட் அறிக்கையின் அந்த ஒரு வரிதான்: வருங்காலத் தலைமுறைகளின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது. செமினாருக்கு இது போதாது. இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? பொருளியல்காரர்களுக்குள்ளேயே ஏன் இவ்வளவு சண்டை?

பழைய வாத்தியார்:
கயல், இருபது வருஷம் பொருளியல் நடத்தினேன். நானும் அந்த ஒரு வரியைத்தான் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "யாரோட தேவை சார்?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் நூலகத்தில் அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். அந்த வரிக்கு அடுத்தாற்போலவே பதில் இருக்கிறது: தேவை என்றால் முதன்மையாக உலக ஏழைகளின் அடிப்படைத் தேவை, மற்ற எதையும்விட அதற்கே முன்னுரிமை. பாடப்புத்தகங்கள் இதை வெட்டிவிட்டன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

'நீடித்த' என்ற சொல்லின் வேர் காட்டில் இருக்கிறது. 1713-இல் ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகி கார்லோவிட்ஸ், மரத்தை வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று எழுதினார். வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு தட்டிப்போன காலம் அது. 1972-இல் சுற்றுச்சூழல் பற்றி ஐ.நா. நடத்திய ஸ்டாக்ஹோம் மாநாட்டில் பணக்கார நாடுகள் மாசு பற்றிப் பேச, இந்திரா காந்தி வறுமையை முன்னால் வைத்தார். 'ஏழைகளின் தேவை' 1987 அறிக்கைக்குள் வந்ததற்கு இந்த வாதமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மன்னார்க்காரன்:
வாத்தியார் ஐயா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். நாங்கள் இலங்கையில 'பேண்தகு அபிவிருத்தி' எண்டுதான் படிச்சனாங்கள். உங்கட 'வளர்ச்சி' எண்ட சொல் இரண்டு அர்த்தத்தையும் ஒண்டாக்கிப்போடுது: பருமன் கூடுறதும் வளர்ச்சி, வாழ்க்கை மேம்படுறதும் வளர்ச்சி. பொருளியலாளர் ஹெர்மன் டேலியின்ர வாதமே இந்த இரண்டையும் பிரிக்கிறதுதான். இயற்கை குறைஞ்சால் இயந்திரத்தாலயும் அறிவாலயும் பெருமளவு ஈடுசெய்யலாம் எண்டது இன்னொரு பொருளியலாளர் ராபர்ட் சோலோவின்ர பக்கம். ஏலாது எண்டது டேலி. கடலில மீன் இல்லாட்டி படகு எத்தினை இருந்தும் என்ன? எங்கட கரையில இதை ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, தங்கச்சி.

கயல்:
ரொம்ப நன்றி ஐயா, அண்ணா. 2015-இல் ஐ.நா. அறிவித்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எட்டாவதன் கீழ், மிகவும் பின்தங்கிய நாடுகளில் ஜி.டி.பி. (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) ஆண்டுக்குக் குறைந்தது 7 சதவீதம் உயர வேண்டும் என்று இருக்கிறது. டேலி இதை ஏற்பாரா?

பழைய வாத்தியார்:
ஏழை நாடுகளுக்கு வளர்ச்சி வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. அதற்கு இடம் விட்டுப் பணக்கார நாடுகள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அந்த 17-இல் அப்படி ஓர் இலக்கு இல்லையம்மா. 1974-இல் மெக்சிகோவில் நடந்த ஐ.நா. கருத்தரங்கில் வந்த கோகோயோக் பிரகடனத்தைத் தேடிப் படியுங்கள். அடிப்படைத் தேவை என்கிற உள் எல்லை, பூமி தாங்கும் அளவு என்கிற வெளி எல்லை, இரண்டும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.