கேமெயிலில் சான்றிதழ்க் கையொப்பம்: வார இறுதியில் மட்டும் பிழை

நண்பர்களே, டெபியன் 12 லினக்ஸ், கேடிஇ பணிச்சூழல்; மின்னஞ்சலுக்குக் கேமெயில் செயலி. அலுவலகம் கொடுத்த பி12 கோப்பை (என் சான்றிதழும் ரகசியச் சாவியும் அடங்கியது) கிளியோபாட்ரா என்ற சான்றிதழ் மேலாண்மைச் செயலியில் ஏற்றிவிட்டேன். மூலச் சான்றிதழின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் குறியீட்டை) சரிபார்த்து, நம்பகப் பட்டியலிலும் சேர்த்தாயிற்று.

வார நாட்களில் கேமெயில் மறுபேச்சில்லாமல் கையொப்பமிடுகிறது. சனிக்கிழமை வீட்டில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் விழித்துவிட்டுப் பிழை காட்டுகிறது. காரணம் தெரிகிறது: ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் ஒரே நாளில் காலாவதியாகிவிடுகிறது, புதியதை எடுக்கும் முகவரியோ அலுவலக வலையமைப்புக்குள் மட்டுமே திறக்கும். அந்தப் பட்டியலை எடுத்துவரும் பின்னணி நிரலான டிர்மேனேஜர் வாசலில் நின்றுவிடுகிறது. இதே சான்றிதழ் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியில் வீட்டிலும் வேலை செய்கிறது; அது இந்தப் பட்டியலைத் தேடிப் போவதில்லை.

கேமெயிலுக்காகக் கையொப்பத்தைக் கையாளும் ஜிபிஜிஎஸ்எம் நிரலின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி, சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்ற சோதனையையே நிறுத்திவிடலாம். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். சக ஊழியரின் மடிக்கணினி திருடுபோய் அவர் சான்றிதழ் ரத்தானாலும், அது தெரியாமல் அதே சாவிக்கு மடலைப் பூட்டி அனுப்பிக்கொண்டிருப்பேன். இவ்வளவு பாடுபட்டு மறையாக்கம் செய்வது எதற்கு?

அலுவலகச் சர்வருக்கு எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) அனுமதி இருக்கிறது. அதன் வழியாக ஒரு எச்டிடிபி பிராக்ஸி (இடைநிலைச் சர்வர்) அமைத்து, டிர்மேனேஜரை மட்டும் அதில் திருப்பிவிட முடியுமா? செய்து பார்த்தவர்கள் அமைப்புக் கோப்பின் வரிகளைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். ஒரே ஒரு சான்றிதழ் வழங்குநருக்கு மட்டும் சோதனையைத் தளர்த்த வழியிருந்தாலும் சொல்லுங்கள்.