சின்ன வயசுக் காயம் ஓ.பி.யில் எந்த உருவத்தில் வந்து நிற்கிறது? (சேலம், ஏற்காடு – புனைபெயரில் அனுபவப் பகிர்வு)

கோரிமேடு:
"சின்ன வயசுல நடந்தது இப்ப மனசைப் போட்டு வாட்டுது" என்று சொல்லிக்கொண்டு யாரும் சீட்டு போட வருவதில்லை. வருவது வயிற்றெரிச்சல், ஒற்றைத் தலைவலி, படபடப்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு. கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் எண்டோஸ்கோப்பி, ஈ.சி.ஜி., தலை ஸ்கேன், எல்லாமே நார்மல். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு. மற்ற டாக்டர்கள் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக மனநலப் பிரிவுக்கு எழுதி அனுப்புவார்கள்.

சின்ன வயசுக் காயத்துக்கும் பிற்கால நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது ஊகமல்ல. 1998-ல் டாக்டர்கள் ஃபெலிட்டி, அண்டா குழு அமெரிக்காவின் சான் டியாகோவில் 9,508 பேரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வு இதில் பெரிய திருப்பம். அடி, வசவு, பாலியல் தொல்லை, தாய்க்கு நடந்த அடி, வீட்டில் குடி, மனநோய், சிறை என ஏழு வகை. நாலு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வு 4.6 மடங்கு, தற்கொலை முயற்சி சுமார் 12 மடங்கு. உடல் தேவையைக் கவனிக்காமல் விடுவது, மனத் தேவையைக் கவனிக்காமல் விடுவது, பெற்றோர் பிரிவு, இந்த மூன்றையும் பிற்பாடு சேர்த்துப் பத்தாக்கினார்கள்.

ஆனால் அந்தப் பத்துக் கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பி "உன் ஸ்கோர் என்ன" என்று கேட்பது வேண்டாத வேலை. அது மக்கள் கூட்டத்தை அளக்கச் செய்த அளவுகோல். ஒரு ஆளின் நோயை அதில் நிறுத்துப் பார்க்கக்கூடாது என்று அண்டாவே 2020-ல் எழுதினார். நம்ம ஊர் விஷயங்களும் அதில் இல்லை. முன்பணத்துக்குத் தறியில் விட்ட பிள்ளை, பெற்றவர்கள் வெளியூர் வேலைக்குப் போனதால் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டி வளர்ந்த பிள்ளை, வகுப்பில் சாதி சொல்லி ஒதுக்கி உட்கார வைத்த பிள்ளை, இவர்களுக்கெல்லாம் அதில் கட்டமே கிடையாது.

நீங்க பார்க்கிறதுல அடிக்கடி தப்பாப் போறது எதுன்னு எழுதுங்க.

ஒண்டிக்கடை:
மலையில் முதலிடம் 'வலிப்பு'க்குத்தான். எஸ்டேட் லைன் வீடு, பள்ளி விடுதி, ரெண்டு இடத்திலும் பதினாலு முதல் இருபத்தஞ்சு வயசுப் பெண்கள். பல வருஷம் வலிப்பு மாத்திரை போட்டும் நிற்கவில்லை என்று வருவார்கள். இவர்களில் ஒரு பகுதிக்கு இருப்பது மூளை மின்னோட்டத்தால் வரும் வலிப்பே அல்ல. மனம் தாங்காத கட்டத்தில் உடம்பு எடுத்துக்கொள்ளும் வலிப்பு. சிறுவயதுக் கொடுமை இவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. எல்லாரிடமும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பார்த்துப் பிரிக்கிற விதம்: வழக்கமான பெரிய வலிப்பில் கண் திறந்திருக்கும். உடம்பு விறைக்கும், பிறகு ஒரே தாளத்தில் உதறும், உதறல் இடைவெளி விட்டு விட்டு அடங்கும். பெரும்பாலும் ரெண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நாக்கின் ஓரத்தில் கடி, உதடு நீலம், பிறகு குறட்டையோடு கனத்த தூக்கம். மனம் தாங்காமல் வரும் வலிப்பில் கண் இறுக மூடியிருக்கும், இமையைத் தூக்கினால் எதிர்க்கும். தலை இடமும் வலமும் ஆடும். உதறல் நின்று நின்று தொடரும், பத்து நிமிஷம்கூடப் போகும். நடுவே கண்ணீர் வரும். சிறுநீர் போவதும் அடிபடுவதும் ரெண்டிலும் நடக்கலாம், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஈ.ஈ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) நார்மல் என்பதாலும் நிஜ வலிப்பு இல்லை என்றாகாது. ஒரே ஆளுக்கு ரெண்டும் இருக்கவும் கூடும்.

டாக்டருக்கு அதிகம் உதவுவது செல்போன் வீடியோ. சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி வையுங்கள். போர்வையை விலக்கி, முகமும் கண்ணும் தெரிய, கடைசிவரை எடுக்கணும். கையை மட்டும் எடுத்த வீடியோ பிரயோஜனப்படாது. முதல் தடவை வருகிற எதையும் நிஜ வலிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சு நிமிஷம் தாண்டினால் 108.

"நடிக்கிறா" என்று சொல்பவரை முதலில் அறையை விட்டு அனுப்புங்கள். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. இரும்புச் சாவி, வெங்காயம், முகத்தில் தண்ணீர், கன்னத்தில் அறை எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரே ஒரு ஆள் பக்கத்தில் இருந்து, "இது விடுதி, கதவு திறந்திருக்கு, நான் இருக்கேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். கூட்டம் கூடினால் நீளும்.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது, திடீரென்று விட்டால் ஆபத்து. அதே சமயம் தவறான மாத்திரைக்கும் விலை உண்டு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை எடுக்கும் பெண் கருத்தரித்தால் சிசுவுக்குக் குறை வரும் அபாயம் பெரிது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

தறிச்சத்தம்:
ஒண்டிக்கடை மேடம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கங்க. கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் வீடும் தறியும் ஒரே கூரை. தனியாகப் பேச இடமே இருக்காது. கூட வரும் மாமியாரும் புருஷனும் நகர மாட்டார்கள். "எடை பார்க்கணும், பி.பி. பார்க்கணும்" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போங்கள், அந்த அஞ்சு நிமிஷம்தான் உங்களுக்கு.

அந்த அஞ்சு நிமிஷத்தில் "உங்களுக்கு பாலியல் வன்கொடுமை நடந்திருக்கா" என்று கேட்டால் "இல்லைங்க" என்பதுதான் பதில். இப்படிக் கேளுங்கள்: "பள்ளிக்கூடம் போற வயசுல, வீட்டுல யார் வந்தா பயமா இருக்கும்?" "யார் காலடிச் சத்தம் கேட்டா தூங்குற மாதிரி படுத்துக்குவீங்க?" இந்த ரெண்டாவது கேள்விக்கு உடனே பேர் சொல்லிவிடுவார்கள். "முழுசாச் சொல்லணும்னு இல்லீங்க, எவ்வளவு தோணுதோ அவ்வளவு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றும் ஞாபகமில்லை என்றால் விட்டுவிடுங்கள். "நல்லா யோசிங்க, ஏதோ நடந்திருக்கும்" என்று தூண்டினால் நடக்காதது ஞாபகமாக முளைக்கும் அபாயம் உண்டு.

எதிரில் இருப்பவர் பதினெட்டுக்குக் கீழ் என்றால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதுல சிலதை நான் ரகசியமா வெச்சுக்க முடியாது." போக்சோ சட்டம் (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 2012, பிரிவு 19-ன்படி தெரிந்த எவரும் புகார் சொல்லியாக வேண்டும். மறைத்தால் பிரிவு 21-ல் தண்டனை. உதவிக்கு 1098, குழந்தைகள் உதவி எண். பெரியவர் பழையதைச் சொன்னால் ஒரு கேள்வி பாக்கி வைக்காதீர்கள்: "அந்த ஆள் வீட்டுல இப்ப சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

பனமரத்துப்பட்டி:
அப்படின்னா சின்ன வயசுல கஷ்டப்பட்ட எல்லாருக்கும் இந்த மாதிரி மனநோய் வந்தே தீருமா? தொட்டில் குழந்தை திட்டத்துல (வளர்க்க முடியாத பிள்ளையை அரசுத் தொட்டில்ல விட்டுட்டுப் போற திட்டம்) வந்த பிள்ளையைத் தத்தெடுத்த குடும்பம் ஒண்ணு கேக்குறாங்க.

கோரிமேடு:
இல்லீங்க. மடங்கு கூடுகிறது என்பது வேறு, வந்தே தீரும் என்பது வேறு. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000 முதல் 136 காப்பகக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் காப்பகத்திலேயே இருந்தவர்களைவிடப் பல விதத்தில் தேறினார்கள். ரெண்டு வயசுக்கு முன் போனவர்களுக்கு வளர்ப்பவரோடு ஒட்டுதல் இன்னும் நன்றாக அமைந்தது.

தொட்டில் திட்டம் 1992-ல் நம்ம சேலத்தில் ஆரம்பித்தது. அப்போது வந்த பிள்ளைகள் இப்போது முப்பதைத் தாண்டியிருப்பார்கள். சோர்வு, கோபம் என்று வந்தால் "தத்துப்பிள்ளை, அதான்" என்று முடிச்சுப் போடும் வழக்கம் எரிச்சலாக இருக்கிறது. தைராய்டு, ரத்தசோகை, குடி, கடன், புருஷன் அடி இதையெல்லாம் முதலில் பாருங்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒன்று சொல்லுங்கள்: தத்து விஷயத்தை வெளியார் வாயால் அந்தப் பிள்ளை கேட்க விடக்கூடாது. நீங்களே, சின்னதிலிருந்தே, சொல்லிவிடுங்கள்.

அடிவாரம்:
வைத்தியத்தில் கெட்டுப்போகிற இடம் வரிசைதான். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வைத்துவிடுகிறார்கள். அழுது முடித்து பஸ் ஏறிப் போகிறவர் அன்றைக்கு ராத்திரி குடிக்கிறார், இல்லை கையைக் கிழித்துக்கொள்கிறார். ரெண்டாவது தடவை வருவதில்லை. முதலில் தூக்கம், குடி, இப்போது வீட்டில் அடி நிற்கிறதா, சாகணும் என்ற எண்ணம் இருக்கிறதா. இதெல்லாம் கொஞ்சம் நிலைப்பட்ட பிறகுதான் பழைய காயத்துக்குப் போகணும். காயத்தைத் திரும்ப எதிர்கொள்ளும் சிகிச்சை 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. பாதியில் விட்டால் சிலர் முன்னைவிட மோசமாக உணரலாம் என்பதை முதலிலேயே சொல்லணும்.

மூச்சுப் பயிற்சி சொல்லும்போது கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பலருக்குக் கண் மூடினால்தான் அந்தக் காட்சி வரும். கண் திறந்து, ரெண்டு பாதமும் தரையில், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள்.

மாத்திரை என்றால் பொதுவாக செர்ட்ரலின், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருவது. டாக்டர் 25 மி.கி.யில் ஆரம்பித்து 50-க்குப் போவார். முதல் ரெண்டு வாரம் குமட்டலும் பதற்றமும் கூடலாம், பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம். இந்த இடைவெளியில்தான் "இது ஒத்துக்கல" என்று நிறுத்துகிறார்கள். இளவயதினருக்கு இந்த வாரங்களில் சாகும் எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனிக்கணும். செர்ட்ரலினுக்குப் பதில் மெடிக்கலில் அல்ப்ரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடுவது அன்றைக்குத் தூங்க வைக்கும், அவ்வளவுதான். பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு, காயத்துக்கு அது மருந்தும் இல்லை.

ஒண்டிக்கடை:
அடிவாரம் சார் சொன்ன குமட்டலுக்கு: மலையிலிருந்து வருகிறவர்கள் விடிகாலை வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் வாந்தி நிச்சயம். பழியை மாத்திரை மேல் போட்டுவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாமா, ராத்திரிக்கு மாற்றலாமா என்று முதல் தடவையே கேட்டுவிடச் சொல்லுங்கள். கீழே இறங்க முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். மழைக்காலத்தில் லைன் வீடுகளில் சிக்னல் போய்விடும், அதனால் நம்பரைச் சொல்லும்போதே எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்றும் கேட்டு சீட்டின் பின்னால் எழுதிக் கொடுங்கள்.