உள்வேலை முடியாத பாய்மரப் படகை விற்பது எப்படி?

கேள்வி:

வணக்கம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், பிளாக்வாட்டர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில், எனக்கென்றே வரைந்து கட்டிய 28 அடிப் பாய்மரப் படகு நிற்கிறது. மரைன் பிளைவுட்டை (படகுக்கான ஒட்டுப்பலகை) எபாக்சிப் பிசினால் ஒட்டிய உடல்பகுதி, மேல்தளம், பாய்மரம், பாய்கள், சுக்கான் ஆகியவற்றைப் பட்டறையினர் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். உள்மரவேலை, மின்கம்பி இணைப்பு, டீசல் எஞ்சின் பொருத்துவது ஆகியவை என் பொறுப்பு. வேலை நிமித்தம் கனடாவுக்குக் குடிபெயர்வதால் படகை விற்க வேண்டியிருக்கிறது. மிச்ச வேலையை முடித்துவிட்டு விற்கலாமா, இப்படியே விற்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1:

உள்வேலையைத் தொடாதீர்கள். மரப் படகு வாங்க வருபவர் முதலில் அஞ்சுவது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தங்கும் ஈரத்துக்கும் அதனால் வரும் அழுகலுக்கும்தான். உள்பலகை அடித்து மூடிய படகில், வாங்குபவருக்காகப் படகைப் பரிசோதிக்கும் சர்வேயர் பல இடங்களைப் பார்க்கவே முடியாது. உங்கள் படகிலோ, பக்கப்பலகையும் குறுக்குச் சட்டமும் சேரும் மூலையில் எபாக்சிப் பூச்சு சீராக ஓடுகிறதா, பிளைவுட்டின் வெட்டு முனைகள் பிசினால் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். உள்ளறை அமைப்பு அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், அதை வாங்குபவரிடமே விட்டுவிடுங்கள். எஞ்சினை மட்டும் பொருத்தித் தண்ணீரில் இறக்கிவிட்டால், ஓடும் படகு என்று சொல்லி விற்கலாம்.

பதில் 2:

தண்ணீரில் இறக்கச் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை, ஏனெனில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள படகுகளை பிரிட்டனின் 2017ஆம் ஆண்டுப் பொழுதுபோக்குப் படகு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. சொந்த உபயோகத்துக்கென ஒருவர் கட்டிய படகுக்கு விலக்கு உண்டு என்றாலும், பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் அதைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அந்த விலக்கின் நிபந்தனை. நீங்களே வேலையை முடித்துப் படகை ஓட்டிவிட்டு அடுத்த ஆண்டே விற்க முனைந்தால், படகு விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கும் இணக்க மதிப்பீடு என்ற செலவு பிடித்த நடைமுறைக்குள் சிக்கிக்கொள்ள நேரிடும்.

பாதி முடிந்த படகுக்கோ அதே விதிகளில் தனி வழி இருக்கிறது. இதுவரை செய்த வேலை அந்தக் கட்டத்துக்குரிய பாதுகாப்புத் தேவைகளை நிறைவு செய்கிறது என்றும், மிச்சத்தைப் பிறர் முடிப்பார்கள் என்றும் கட்டியவர் எழுத்தில் தரும் அறிவிப்பு அது. பட்டறையினரிடம் அதை இப்போதே கேட்டு வாங்குங்கள். நீங்கள் கனடா சென்ற பின் கேட்டால் இழுத்தடிப்பு நேரலாம். கூடவே கட்டுநர் சான்றிதழ், முழுத்தொகை செலுத்திய ரசீது, வாட் வரி கட்டியதற்கான பில் ஆகியவையும் வேண்டும். பிரிட்டன் கப்பல் பதிவேட்டில் சிறுபடகுகளுக்கான 3ஆம் பகுதிப் பதிவைப் பலர் உரிமைப் பத்திரமாக நினைத்துக்கொள்கிறார்கள். அது உரிமைக்குச் சான்றாகாது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. அந்த அறிவிப்பைப் பற்றி இதுவரை எவரும் என்னிடம் சொல்லவில்லை. விலையை எந்த அடிப்படையில் வைப்பது? செலவழித்த தொகையில் பாதியாவது கிடைக்குமா?

பதில் 3:

செலவழித்த தொகையை அடிப்படையாகக் கொள்ள வேண்டாம், ஐயா. வாங்குபவர் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார். இதே அளவில், இதே முறையில் கட்டி முடித்த படகு இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதிலிருந்து, மிச்ச வேலையை ஒரு பட்டறை செய்தால் ஆகும் கூலியையும் பொருட்செலவையும் கழியுங்கள். பிறகு, எதிர்பாராத செலவுக்காக இன்னும் ஒரு தொகையைக் குறையுங்கள். கசப்பான கணக்குதான், ஆனால் விற்பனை முடிவது அந்த விலையில்தான்.

எஞ்சினைப் பெட்டியோடும் உத்தரவாதத் தாள்களோடும் சேர்த்தே கொடுங்கள். வரைபடத்தைக் கொடுக்கும்போது, ஒரே ஒரு படகைக் கட்டத்தான் வடிவமைப்பாளர் அனுமதி தந்திருக்கிறாரா என்பதைப் பார்த்து, அதை ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள். படகு இப்போது நிற்கும் இடத்தின் வாடகையை எந்தத் தேதியிலிருந்து வாங்குபவர் கட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.