சென்னையின் எஃப்சிக்கு ஆறாவது இடம் கிடைக்குமா? (கட்டிமணியைத் தொடாமல் பேசவும்)

குளச்சல் நீலம்:
2025 ஜனவரி 30, வியாழக்கிழமை ராத்திரி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தில் சென்னையில் வைத்து கேரளா பிளாஸ்டர்ஸிடம் 1-3 என்று தோற்றோம். மறுக்கவில்லை. மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு கோல் வாங்கினோம், முதல் பாதி முடியும் முன்பே வில்மர் ஜோர்டானுக்கு ரெட் கார்டு. பத்துப் பேரை வைத்துக்கொண்டு என்ன ஆடுவது? வயிறு எரிந்தது, போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் நம்ம மார்த்தாண்டம் மஞ்சள் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்: "சென்னையின் எஃப்சியின் பிளேஆஃப் கனவுக்கு அடியந்திரம். அனைவரும் வருக. பாயசம் உண்டு." கருமாதிச் சாப்பாடு போடுகிறாராம்.

வோய் மஞ்சள், 2015 நினைவிருக்கிறதா? பாதி சீசனுக்கு மேல் ஓடிய பிறகும் அட்டவணையின் அடியில் கிடந்த அணி இதுதான். கடைசி நான்கு லீக் ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து மேலே வந்தது. சென்னையில் வெள்ளம் என்பதால் சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயும் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். ஃபைனலில் கோவா 87வது நிமிடம் 2-1 என்று முன்னால் போனது. அதற்குப் பிறகு இரண்டு கோல் அடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதனால் பாயசத்தை நீரே குடியும்.

மார்த்தாண்டம் மஞ்சள்:
இரண்டு கோல் அடித்தீர்களா? ஒன்று மெண்டோசா அடித்தது, ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று கட்டிமணி அடித்தது. கட்டிமணி யாருடைய கோல்கீப்பர்? கோவாவுடைய கோல்கீப்பர். சேம்சைடு கோலில் கோப்பை வாங்கியவர்கள் அதைப் பத்து வருஷமாகத் துடைத்துத் துடைத்துக் காட்டுகிறீர்கள். இந்த வருஷம் எந்த அணி கோல்கீப்பரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

குளச்சல் நீலம்:
சேம்சைடு தானாக விழுமா? கடைசி நிமிடத்தில் பாக்ஸுக்குள் பந்தைப் போட்டு நெருக்கடி கொடுத்தது யார்? அது சென்னை வரவழைத்த கோல். காகிதத்தில் கட்டிமணி பெயர் இருக்கலாம்.

மார்த்தாண்டம் மஞ்சள்:
காகிதத்தில் இருக்கிறதுதானே கணக்கு? கட்டிமணி.

பார்வதிபுரம் பாலத்தடி:
நானும் நீல அணிக்காரன்தான், அதனால் திட்டுவதானால் மெதுவாகத் திட்டவும். நீலம் அண்ணே, 2015இல் இருந்தது எட்டு அணி, 14 ஆட்டம், நாலு இடம். பாதி அணிகள் உள்ளே போய்விடும். இப்போது 13 அணி, 24 ஆட்டம், ஆறு இடம். முதல் இரண்டு பேர் நேராக அரையிறுதிக்குப் போவார்கள், மூன்று முதல் ஆறு வரை உள்ளவர்கள் ஒரே ஒரு நாக் அவுட் ஆட்டம் ஆட வேண்டும். நமக்கும் ஆறாவது இடத்துக்கும் நடுவில் நிற்கிற அணிகள் எல்லாம் தடுக்கி விழ வேண்டும், நாம் தடுக்கவே கூடாது. போன சீசனில் 27 பாயிண்ட்டில் ஆறாவது இடம் கிடைத்தது. எட்டு வெற்றி, மூன்று டிரா, பதினொரு தோல்வி. அந்த மாதிரி மலிவாக இந்த முறை கிடைக்காது. அப்படிப் போயும் என்ன செய்தோம்? ஃபடோர்டாவில் கோவாவிடம் 1-2, வீட்டுக்கு வந்தோம்.

அப்புறம் 2015இல் மெண்டோசா என்று ஒருவர் இருந்தார். 13 கோல், கோல்டன் பூட். இப்போது அந்த இடத்தில் யார்? கானர் ஷீல்ட்ஸ் பந்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார், அதைக் கோலாக்க ஆள் இல்லை. ஃபைனலில் விழுந்த சேம்சைடு பற்றி ராத்திரி முழுக்கப் பேசலாம், அந்த ஃபைனலுக்கு நம்மைக் கொண்டுபோன ஃபார்வர்டு பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்.

குளச்சல் நீலம்:
பாலத்தடி, நீ நீல அணிக்காரன் என்று உனக்கு யார் சொன்னது? நவம்பரில் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 5-1 என்று அடித்தது யார்? கோல் போட ஆள் இல்லாமலா அஞ்சு விழுந்தது?

நம்ம கோச் ஓவன் கோயல் இருப்பதை மறந்து பேசாதே. 2019 டிசம்பரில் அவர் வந்தபோது அணி கிடந்த கிடை உனக்கும் தெரியும். முந்தைய கோச் ஜான் கிரிகரி விட்டுவிட்டுப் போய்விட்டார், ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. அதே ஆட்களை வைத்து ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனார். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. அப்புறம் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2022இல் லீக் அட்டவணையில் முதலிடத்துக்கான ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். அந்த மனுஷன் இப்போது நம்மிடம் இருக்கிறார். இதெல்லாம் கட்டிமணி செய்ததா?

மார்த்தாண்டம் மஞ்சள்:
2020 ஃபைனலில் கட்டிமணி இல்லை. அதனால்தான் 1-3 என்று தோற்றீர்கள்.

ஆரல்வாய் காற்றாடி:
😂😂😂 இங்கே காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது, இப்போது இறக்கை தானாகச் சுற்றுகிறது.

பார்வதிபுரம் பாலத்தடி:
அண்ணே, 2020இல் வால்ஸ்கிஸ் இருந்தார், 15 கோல். கிரிவெல்லாரோ இருந்தார். கோச் மந்திரவாதி இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

குளச்சல் நீலம்:
சரி மஞ்சள், கட்டிமணி கட்டிமணி என்கிறீரே, பேசலாம். இதற்காகத்தான் காத்திருந்தேன். 2022 மார்ச் 20. அதே ஃபடோர்டா மைதானம். பிளாஸ்டர்ஸ், ஹைதராபாத், ஃபைனல். ராகுல் கோல் போட்டதும் நீர் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் நின்று வெடி வெடித்தீர். 88வது நிமிடம் தவோரா திருப்பிப் போட்டார். பெனால்டி வந்தது. ஹைதராபாத் கோல்கீப்பர் யார் என்று நீரே சொல்லும். உங்கள் ஆட்கள் அடித்ததில் மூன்றைப் பிடித்தது யார் என்றும் சொல்லும்.

நான் சொல்லவா? லட்சுமிகாந்த் கட்டிமணி. எங்களுக்கு ஒன்று கொடுத்தார் என்று சொல்கிறீர். உங்களிடமிருந்து மூன்றைப் பிடுங்கினார். 2014, 2016, 2022. மூன்று ஃபைனல், அலமாரி காலி.

மார்த்தாண்டம் மஞ்சள்:
2022 பற்றிப் பேச்சு வரவில்லை. 2015 கோல் யார் அடித்தது என்பதுதான் பேச்சு.

குளச்சல் நீலம்:
கட்டிமணியைக் கொண்டுவந்தது நீர். வந்த ஆளை முழுசாகப் பார்க்க வேண்டாமா?

மார்த்தாண்டம் மஞ்சள்:
2015 கோல் யார் அடித்தது?

தக்கலை பழையவர்:
பிள்ளைகளா, சண்டை நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஐஎஸ்எல் எல்லாம் நேற்று வந்தது. மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபி காலத்தில் பந்து பார்த்தவன் நான். கேரளா அதை ஏழு தடவை வாங்கியிருக்கிறது. தமிழ்நாடு ஒரு தடவை கூட வாங்கவில்லை. இதில் யாருக்கு என்ன பெருமை?

குளச்சல் நீலம்:
பெரியவரே, போன மாசம் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி அதே சந்தோஷ் டிராபி ஃபைனலில் கேரளா வங்காளத்திடம் 0-1 என்று தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தக்கலை பழையவர்:
இன்று பிப்ரவரி ஒன்று. போன மாசம் என்றால் ஜனவரி. அந்த ஃபைனல் டிசம்பரில்.

குளச்சல் நீலம்:
தேதியா இங்கே பிரச்சினை?

தூத்தூர் அலை:
நீலம், மஞ்சள் இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. நீங்கள் கொடி பிடிக்கிற இந்த அணிகள் நம் கரைக்கு என்ன செய்தன? தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று ஒவ்வொரு கடற்கரையிலும் சாயங்காலம் மணலில் பந்து உருளுகிறது. கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் மைதானங்களில் நம் பையன்கள் ஆடாத ஊர் குறைவு. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். ஐஎஸ்எல் இல்லாத இன்னொரு தேசிய லீக்கான ஐ லீக்கில் சென்னை சிட்டி அணிக்காகக் கலக்கினார். 2018இல் அவரை எடுத்தது யார்? ஜாம்ஷெட்பூர். அடுத்த வருஷம் எடுத்தது யார்? கொல்கத்தாவின் ஏடிகே. 2020 ஃபைனலில் உங்களைத் தோற்கடித்த அணியில் இருந்தார் நம் ஊர்க்காரர். உங்கள் கண்ணுக்கு முன்னால், உங்கள் சென்னையிலேயே வளர்ந்த ஆட்டக்காரரை விட்டுவிட்டு, பிளேஆஃப் வரவில்லையே என்று புலம்புகிறீர்கள். நல்லா வரும்.

சென்னை சிட்டி என்ன ஆனது என்றும் யோசியுங்கள். 2019இல் ஐ லீக் சாம்பியன். கோயம்புத்தூர் மைதானம் நிறைந்தது. இன்று அந்த அணி எங்கே?

குளச்சல் நீலம்:
அலை, சூசைராஜ் மேல் எனக்கும் மரியாதை உண்டு. 2020 நவம்பரில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் பிளாஸ்டர்ஸுக்கு எதிராக, அவர் முழங்கால் போனபோது நானும் வருத்தப்பட்டேன். ஆனால் ஒரு ஆட்டக்காரர் எந்த அணிக்குப் போவது என்பது அவர் முடிவும்தானே. 2018இல் நாங்கள் சாம்பியன், பெங்களூருவை அவர்கள் ஊரில் வைத்து 3-2. அந்த அணியில் தன்பால் கணேஷ் இருந்தார், அவர் தமிழர் இல்லையா?

தூத்தூர் அலை:
கரையிலிருந்து எத்தனை பேர் என்று கேட்டேன். கணேஷ் சென்னைக்காரர்.

குளச்சல் நீலம்:
குளச்சலும் கரைதான் மக்கா. தூத்தூருக்கு மட்டுமா கடல் இருக்கிறது?

மார்த்தாண்டம் மஞ்சள்:
அலை சொல்வதில் பாதி சரி. எங்களுக்குக் கொச்சி பக்கம். காலையில் கிளம்பினால் சாயங்காலம் கலூர் மைதானத்தில் உட்காரலாம். ஆட்டம் முடிந்து ராத்திரியே ஏறினால் விடியும்போது வீடு. சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயில். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் பாக்கியம். வியாழக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுப் போகிறவன் யார்?

குளச்சல் நீலம்:
இதற்காகவா மார்ஷல் நேசமணி போராடி 1956இல் இந்த மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்? மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கொச்சிக்குப் போகவா?

மார்த்தாண்டம் மஞ்சள்:
நேசமணி வந்து எனக்கு ரயில் டிக்கெட் எடுத்துத் தருவாரா?

மட்டுறுத்துநர்:
தலைவர்களை இதில் இழுக்க வேண்டாம். பந்தைப் பற்றிப் பேசவும்.

குளச்சல் நீலம்:
பந்தைப் பற்றித்தான் பேசுகிறேன். பாதியில் மைதானத்தை விட்டு வெளியேறுகிற அணிக்குக் கொடி பிடிக்கிறவர்களோடு பந்தைப் பற்றி எப்படிப் பேசுவது? 2023 மார்ச், பெங்களூரு. சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அபராதம் நாலு கோடி. வியாழக்கிழமை நாங்கள் பத்துப் பேரோடு நின்று முழு ஆட்டமும் ஆடினோம், வின்சி கடைசியில் ஒரு கோலும் போட்டார்.

மார்த்தாண்டம் மஞ்சள்:
ஆமாம், 1-3. போன நவம்பரில் கொச்சியில் 0-3. இரண்டையும் கூட்டினால் 1-6. அந்த ஒன்றையாவது உங்கள் ஆளே அடித்தாரே, வாழ்த்துகள். கட்டிமணிக்குச் சொல்லி அனுப்பவும்.

பார்வதிபுரம் பாலத்தடி:
யாருக்கும் எதிர்காலத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லையா? என் கவலை இந்த வருஷம் ஆறாவது இடம் வருமா வராதா என்பது இல்லை. இந்த லீக்கில் கீழே இறக்கிவிடுகிற வழக்கம் இல்லை. பஞ்சாப் கீழ் லீக்கிலிருந்து வந்தது, முகமதன் வந்தது, ஆனால் கடைசி இடத்துக்கு வந்தாலும் யாரும் வெளியே போவதில்லை. தலை போகாது என்று தெரிந்தால் எந்த முதலாளியும் அவசரப்பட மாட்டார். முதலாளிகள் பட்டியலில் அபிஷேக் பச்சன், தோனி பெயரெல்லாம் இருக்கிறது, சீசன் நடுவில் ஒரு நல்ல ஃபார்வர்டை எடுக்க முடியவில்லை. பதினோராவது இடத்தில் முடித்தாலும் அடுத்த வருஷம் புது ஜெர்சி வெளியிடுவார்கள், நாமும் காசு கொடுத்து வாங்குவோம். பிளாஸ்டர்ஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். டிசம்பரில்தானே கோச் ஸ்டாரேயை அனுப்பினீர்கள்? மஞ்சளும் ஆறுக்கு வெளியேதான் நிற்கிறது.

குளச்சல் நீலம்:
பதினோராவது இடமா? வாயைக் கழுவு. மிச்சம் இருக்கிறதை எல்லாம் ஜெயித்தால் உள்ளே போகலாம். 2015இல் அப்படித்தான்.

பார்வதிபுரம் பாலத்தடி:
கடைசியாக எப்போது வரிசையாக ஜெயித்தோம் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அண்ணே. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஆறாவது இடம் வராது.

குளச்சல் நீலம்:
உன்னைப் போன்ற ஆட்களால்தான் மைதானம் காலியாகக் கிடக்கிறது.

ஆரல்வாய் காற்றாடி:
மஞ்சள், நீர் இன்னும் நீலத்துக்கு ஒரு சாப்பாடு பாக்கி வைத்திருக்கிறீர். 2022 பந்தயம். மறந்துவிட்டதா?

மார்த்தாண்டம் மஞ்சள்:
அது பெனால்டியில் முடிந்த ஆட்டம். பந்தயம் 90 நிமிடத்துக்கு. 90 நிமிடத்தில் 1-1. பாக்கி ஒன்றும் இல்லை.

குளச்சல் நீலம்:
90 நிமிடம் என்று யார் சொன்னது? கோப்பை யாருக்கு என்பதுதான் பந்தயம். பொரித்த மீனும் புரோட்டாவும். மூன்று வருஷமாக ஏமாற்றுகிறவர் என் அணிக்கு அடியந்திரம் நடத்துகிறார்!

மார்த்தாண்டம் மஞ்சள்:
புதுப் பந்தயம் வைப்போம். சென்னை ஆறுக்குள் வந்தால் பழையது, புதியது இரண்டையும் நான் தருகிறேன். வராவிட்டால் நீர் எங்கள் ஐந்து பேருக்கும் வாங்க வேண்டும்.

குளச்சல் நீலம்:
ஐந்து பேர் எங்கிருந்து வந்தார்கள்? நான் பந்தயம் வைத்தது ஒரு ஆளோடு. அப்புறம் பிளாஸ்டர்ஸும் ஆறுக்குள் வராவிட்டால் என்ன கணக்கு? அதை முதலில் எழுதும்.

மார்த்தாண்டம் மஞ்சள்:
அது தனிப் பந்தயம்.

தூத்தூர் அலை:
மீன் எந்தக் கரையில் வாங்குவதாக உத்தேசம்?

குளச்சல் நீலம்:
குளச்சல்.

தூத்தூர் அலை:
அப்படியானால் நான் வரவில்லை.