ரெஃபரிங்கில் ஆர் இரண்டு, ஆஃபரிங்கில் ஒன்று: ஏன்?

கேள்வி (ஒற்றெழுத்து):
ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு சந்தேகம். ரெஃபர், ஆஃபர் இரண்டுமே ஆர் எழுத்தில்தான் முடிகின்றன. ‘இங்’ சேர்த்தால் முதல் சொல்லில் மட்டும் ஆர் இரட்டிக்கிறது. அதே ரெஃபர், ரெஃபரன்ஸ் ஆனால் மறுபடி ஒற்றை. அக்காமடேஷனில் சி, எம் இரண்டும் இரட்டை. ரெகமண்டில் எம் மட்டும். மனப்பாடத்தை விட்டால் வழி உண்டா?

பதில் (எழுத்தாணி):
விகுதி சேரும்போது வரும் இரட்டிப்பையும் சொல்லுக்குள்ளேயே இருக்கும் இரட்டிப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவது விகுதி சேரும் இடம். நன்னூலில் ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று படித்தோமே, கல் + எறி = கல்லெறி, ஆனால் பால் + ஆறு = பாலாறு. ரன்னிங்கில் என் இரண்டு, ரெயினிங்கில் ஒன்று. ஏறக்குறைய அதே விதி! தமிழில் இரட்டிப்பு காதில் கேட்கும், ஆங்கிலத்தில் தாளில் மட்டும். முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டவே அது. டின்னரில் ஓர் ‘என்’ எழுத்தை எடுத்துவிட்டால் டைனர் ஆகிவிடும்.

ஓரசைச் சொல்லுக்கு இது போதும். நீண்ட சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். ரெஃபரில் கடைசி அசையில், அதனால் இரட்டிக்கும். ஆஃபரில் முதல் அசையில், அதனால் இல்லை. ரெஃபரன்ஸ் என்னும்போது அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடுகிறது, ஆரும் ஒற்றையாகிறது. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால்தான் இதெல்லாம். ‘மென்ட்’, ‘நஸ்’ வந்தால் இந்த இரட்டிப்பு கிடையாது.

எல் மட்டும் அடங்காது. டிராவலிங்கில் அழுத்தம் முதலில் இருந்தும் பிரிட்டிஷ் வழக்கில் எல் இரண்டு. அமெரிக்காவில் ஒன்று, நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி அப்படித்தான் எழுதியது. தேர்வு எந்த வழக்கைக் கேட்கிறதோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

பதில் (பதம்பிரி):
அக்காமடேஷன் வேறு கதை. அங்கே முன்னொட்டைப் பிரிக்க வேண்டும். லத்தீன் ‘அட்’, அடுத்து வரும் சியைப் பார்த்துத் தானும் சியாக மாறியது. பின்னால் ‘காம்’ + ‘மோ’, ஆகவே எம் இரண்டு. ரெகமண்ட் = ரெ + கமண்ட், சி இரட்டிக்க இடமே இல்லை. மிஸ் + ஸ்பெல், எஸ் இரண்டு. டிஸ் + அப்பியர், எஸ் ஒன்று. பெரும்பாலான பிழைகள் இந்த ஒட்டுப்போட்ட இடத்தில்தான் வருகின்றன. நெசசரிக்கு இது உதவாது: சி ஒன்று, எஸ் இரண்டு, மனப்பாடம்தான்.

பதில் (மெய்ப்பு):
இரட்டிக்காத எழுத்துகளையும் சொல்லிக்கொடுங்கள். எக்ஸ் ஏற்கெனவே ஈரொலி, அதனால் பாக்ஸிங்கில் ஒன்றுதான். சொல்லின் கடைசியில் வரும் டபிள்யூ, ஒய் இரட்டிக்காது. பேனிக் போன்ற சொற்களில் ‘இங்’ சேரும்போது கடைசி சிக்குப் பின் கே வரும். இல்லாவிட்டால் ‘பேனிசிங்’ என்று படித்துவிடுவார்கள். வி இரட்டிப்பது அபூர்வம், ரெவ்விங் மாதிரி சிலவற்றில்தான். ஒரே எழுத்து மூன்று சேரவும் விடமாட்டார்கள்: ஃபுல் + லி, ஒரு எல் விழுந்துவிடும். புக்கீப்பரில் ஓ, கே, இ மூன்றும் அடுத்தடுத்து இரட்டை. அது தப்பில்லை!

ஒற்றெழுத்து:
அப்படியானால் ஃபோகஸ்?

எழுத்தாணி:
அழுத்தம் முதலில், எனவே இறந்தகாலத்தில் எஸ் ஒன்று. இரண்டு போடுவதையும் அகராதிகள் ஏற்கின்றன. பஸ்தான் விதியை மீறுகிறது: பன்மையில் ஒற்றை எஸ்ஸே வழக்கம்.