'குறுந்தலையீடு' சரியா? ஒரு மாற்றுச் சொல்

நண்பர்களே,

குடிப்பவரிடம் சில நிமிடம் பேசி, குடியைக் குறைக்க உதவுவதற்கு ஆங்கிலத்தில் பிரீஃப் இன்டர்வென்ஷன் என்று பெயர். அதற்குக் 'குறுந்தலையீடு' என்ற சொல் நம் குழுவின் முந்தைய மடலில் வந்திருந்தது. சொல்லாக்கத்தில் பிழை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. செவிலியர் மாணவர்களுக்கும் சமூகப்பணி மாணவர்களுக்கும் இதைச் சேர்த்துவைத்துச் சொல்லித்தருகிறேன். பேசுவதற்கு முன் அனுமதி கேள் என்பதுதான் முதல் பாடம். 'உங்கள் குடியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?' இப்படித் தொடங்கும் வேலைக்கா தலையீடு என்று பெயர்? 'என் விஷயத்தில் தலையிடாதே' என்றுதானே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

போன பயிற்சியில் ஒரு மாணவி, நோயாளியாக நடித்தவரிடம் குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் வினாத்தாளின் 10 கேள்விகளையும் கேட்டு மதிப்பெண் போட்டார். 40க்கு 11. 8 வந்தாலே கவனிக்க வேண்டும். உடனே கல்லீரல் பற்றிப் பிரசங்கம்! நோயாளி கையைக் கட்டிக்கொண்டார். அப்புறம் சமூகப்பணி மாணவர் கேட்டார்: 'குடியைக் குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்.' 'நாலு.' 'ஏன் இரண்டு இல்லை?' அவ்வளவுதான், மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் நடுவே தூக்க மாத்திரை என்று நோயாளி சொன்னதைச் சமூகப்பணி மாணவர் கோட்டைவிட்டார். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும் என்று மாணவிதான் பிடித்தார்.

ஆகவே என் பரிந்துரை 'துணைப்பேச்சு'. சில நிமிடங்களில் முடிவதால் 'குறுந்துணைப்பேச்சு'. கவுன்சலிங்குக்கு ஏற்கெனவே புழங்கும் 'உளவளத்துணை'க்குத் தம்பி முறை. அறுவை சிகிச்சையையும் இன்டர்வென்ஷன் என்கிறோமே, அதற்குப் பொருந்தாதே என்பீர்கள். பொருந்த வேண்டாம், அங்கே தலையீடே இருக்கட்டும்.

நோயாளியை வேறொரு நிபுணரிடம் அனுப்பும் ரெஃபரலுக்கு 'ஆற்றுப்படுத்தல்' என்றதும் ஆசை வந்தது. பரிசு பெற்ற பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழிகாட்டுவதுதானே ஆற்றுப்படை! ஆனால் கவுன்சலிங்குக்கு அதைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் குழப்பம். 'பரிந்துரைத்து அனுப்புதல்' நீளம்தான், வார்டில் புரியும்.

இப்படி வெவ்வேறு துறை மாணவர்கள் சேர்ந்து பயில்வதற்குப் 'பல்துறைக் கல்வி' என்ற சொல் போதாது. ஒரே அறையில் உட்கார்ந்தாலே அது பல்துறை ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2010 விளக்கப்படி, ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும். 'துறையிடைக் கல்வி' இதற்குக் கொஞ்சம் நெருக்கம்.

'இயர்லி இன்டர்வென்ஷன்' என்பதில் வரும் 'இயர்லி'க்கு மட்டும் எனக்குச் சொல் சிக்கவில்லை. 'தொடக்கநிலை' என்றால் சிகிச்சையின் தொடக்கமா, பழக்கத்தின் தொடக்கமா? அடிமையாவதற்கு முன்பே என்பது சொல்லில் தெரிய வேண்டும். யாராவது கைகொடுங்கள்.