ஏ1 இங்கிலீஷ் டெஸ்ட்: என் அனுபவம்

கணவர் லண்டனில் இருக்கிறார், ஸ்பவுஸ் விசாவுக்கு (கணவன், மனைவியோடு சேர்ந்து வாழப் போகிறவர்களுக்கான விசா) ஏ1 என்ற ஆரம்ப நிலை ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், பயமாக இருக்கிறது, எப்படித் தயாராவது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நானும் அந்தப் பயத்தோடு போனவள்தான். தஞ்சாவூர் பக்கம் கிராமம், பன்னிரண்டு வரை தமிழ் மீடியம்.

முதலில் ஒன்று. இது ‘எழுதுகிற’ தேர்வே இல்லை. ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்பது பேசுவதும் கேட்பதும் மட்டும். மொத்தமே 16 முதல் 18 நிமிடம். பாஸ் அல்லது ஃபெயில், மதிப்பெண் கிடையாது. இது தெரியாமல் நான் சேர்ந்த கோச்சிங் சென்டரில் சாதாரண ஐஇஎல்டிஎஸ் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கட்டுரை எழுதினேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சேரும் முன்பே "லைஃப் ஸ்கில்ஸ் சொல்லித் தருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் என் கணவர்தான் தினமும் இரவு போனில் பயிற்சி கொடுத்தார். முதல் நாளே என் பெயரில் மாட்டிக்கொண்டேன். தேர்வில் பெயரைச் சொன்னதும் அதை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். என் பெயர் எழிலரசி. முதல் எழுத்தை 'ஈ' என்று சொல்ல வேண்டும், நடுவில் வருவதை 'ஐ' என்று சொல்ல வேண்டும். நமக்கு 'இ' என்றாலே அந்த ஐ எழுத்துதானே நினைவுக்கு வரும்? இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். ஈ, ஸெட், எச், ஐ, எல் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் நாக்கு பழகியது. ஊர்ப் பெயரையும் இப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

கேட்கும் பகுதியில் தர்ட்டீன், தர்ட்டி குழப்பம் பெரியது. பின்பாதி இழுத்து அழுத்தமாக வந்தால் 13, முன்பாதி அழுத்தி சட்டென்று முடிந்தால் 30. மணியும் அப்படித்தான். குவார்ட்டர் டு ஃபைவ் என்றதும் ஐந்து என்று சொல்லப் போகும் வாய். அது நாலே முக்கால். ஒலிப்பதிவை இரண்டு முறை போடுவார்கள், பதற வேண்டாம்.

தேர்வு சென்னையில். ஒரு தேர்வாளர், எதிரே நாங்கள் இரண்டு பேர். என் ஜோடி ஆந்திராவில் இருந்து வந்த பெண். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. குடும்பம் பற்றி மனப்பாடம் செய்து போயிருந்தேன், வந்ததோ பிடித்த கடை. பெரியப்பாவின் மளிகைக் கடையைப் பற்றிச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். அந்தப் பெண் "வாட் டு யூ பை தேர்?" என்று கேட்டார். பருப்பு, எண்ணெய், சோப்பு என்றேன். பிறகு நான் அவரிடம் கேள்வி கேட்க வேண்டிய முறை. அங்கேதான் தொண்டை அடைத்தது, ஏனென்றால் பதில் சொல்லத்தான் பழகியிருந்தேன், கேள்வி கேட்கப் பழகவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "வேர் இஸ் யுவர் ஷாப்?" என்று எப்படியோ வந்தது. அதன் பிறகு தடையில்லை.

கூட இருப்பவரோடு உரையாடுவதற்கும் மதிப்பீடு உண்டு. அதனால் வேர், வென், ஹூ, ஹவ் மச் என்று தினமும் பத்துக் கேள்வி கேட்டுப் பழகுங்கள், வீட்டில் யாராவது பதில் சொல்லட்டும். புரியாவிட்டால் "ஸாரி, கேன் யூ ரிபீட் ப்ளீஸ்?" என்று தாராளமாகக் கேட்கலாம். நான் இரண்டு முறை கேட்டேன், பாஸ்தான். ஒரு வாரத்துக்குள் முடிவு வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இப்போது விசா நீட்டிப்புக்கு அடுத்த நிலையான ஏ2 படிக்கிறேன். இங்கே பிரிட்டனில் கடையில் பில் போடும் பெண் தொகையைச் சொல்லும்போது திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுக் காசை எடுத்து வைக்கிறேன். நேற்று பதினேழு பவுண்டு நாற்பதைச் சரியாகப் பிடித்தேன்.